செங்கை தந்த செம்மல் இரட்டைமலை சீனிவாசன்

பத்திரிகை ஒன்றைத் தொடங்குவது எழுதுகிறவரின் துணிவு. அதை நிலைத்து நிற்கச் செய்வது வாசிக்கிறவர்களின் அன்பு. எத்தனையோ அறிஞர்கள் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய இதழ்கள், வாங்குவோர் இன்றி இரண்டு மூன்று மாதங்களிலேயே நின்று போயிருக்கின்றன. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலராகவும், கையில் காசு தங்குவது அரிதாகவும் இருந்த ஓர் ஏழை மக்கள் கூட்டம், தமக்கென வந்த ஓர் இதழை ஏழாண்டுக் காலம் தாங்கி நின்ற வரலாறு நம் தமிழகத்தில் உண்டு. அந்த இதழை நடத்தியவர் நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர் என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தியாகும். அவர்தாம் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன்.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை, அவர் எழுதியதை மக்கள் எவ்வாறு ஏற்றார்கள் என்ற கோணத்தில் இங்கே காண்போம்.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

நம் திருப்போரூரிலிருந்து செங்கற்பட்டு சென்று, அங்கிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து தெற்கே போனால் மதுராந்தகம் வரும். பெரிய ஏரிக்குப் பெயர் பெற்ற அந்த ஊரை அடுத்துள்ள கோழியாளம் என்னும் சிற்றூரே சீனிவாசன் பிறந்த ஊர். ஜூலை 7 அவர் பிறந்த நாள். ஆண்டை மட்டும் 1859 என்றும் 1860 என்றும் இருவிதமாக எழுதுவர். இரட்டைமலை என்பது அவருடைய தந்தையாரின் பெயர். தந்தையின் பெயரைத் தம் பெயரோடு பிரியாமல் சேர்த்தே வாழ்நாள் முழுதும் வழங்கினார்.

அவர் பிறந்த குடும்பம், தீண்டத்தகாதவர் என்று ஊரார் ஒதுக்கி வைத்த மக்களைச் சேர்ந்தது. ஊருக்கு வெளியே தனிச் சேரி. பொதுக் கிணற்றில் நீர் எடுக்கத் தடை. சில தெருக்களில் நடக்கவும் தடை. இந்தக் கொடுமையிலிருந்து விலகி வாழ எண்ணிய குடும்பம் தஞ்சைக்கும், பிறகு கோயம்புத்தூருக்கும் பெயர்ந்தது. கோயம்புத்தூரில்தான் சிறுவன் சீனிவாசனுக்குக் கல்லூரிப் படிப்பு வாய்த்தது.

அங்கே ஏறத்தாழ 400 மாணவர்கள் படித்தார்கள். அவர்களுள் ஒரு பத்துப் பேரைத் தவிர மற்றவர் அனைவரும் உயர்குலத்தவர் எனப்பட்டோர். அந்தக் கூட்டத்தில் சீனிவாசன் எப்படிப் படித்தார் என்பதைக் கேட்டால் நம் கண்கள் கலங்கும். யாரோடும் நட்புக் கொள்ள அவருக்கு அச்சம். நட்பு என்று வந்துவிட்டால், வீடு எங்கே, உறவினர் யார், என்ன குலம் என்ற கேள்விகள் வரும். பதில் தெரிந்துவிட்டால் அந்த நட்பும் போகும், மதிப்பும் போகும். ஆகவே காலையில் சீக்கிரம் வந்தாலும் உள்ளே போகமாட்டார். வெளியே ஓரிடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்புக் கலைந்ததும் பிற மாணவர்கள் தம்மை எட்டிப் பிடிக்காதபடி விரைந்து நடந்து வீடு போய்ச் சேருவார்.

படிப்பில் குறைவில்லை, ஒழுக்கத்தில் குறைவில்லை. ஆயினும் தான் யார் என்பதை மறைத்துக்கொண்டே படிக்க வேண்டிய நிலை! இளமையில் பட்ட அந்த வேதனையே பின்னாளில் அவருடைய எழுத்துக்கு வித்தாயிற்று என்று சொல்லலாம்.

படிப்புக்குப் பின் நீலகிரியில் ஆங்கிலேய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றினார். ரங்கநாயகி அம்மையாரை மணந்து இல்லறம் நடத்தினார். நல்ல வேலை, அமைதியான வாழ்வு. அங்கேயே இருந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தம் மக்களின் துயர் அவரை உறங்கவிடவில்லை. 1890இல் வேலையை விட்டுச் சென்னைக்கு வந்தார்.

அந்நாளைய செங்கற்பட்டு

அவர் சென்னைக்கு வந்த காலத்தில் நம் செங்கற்பட்டுச் சீமையின் நிலை என்ன? அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், இங்குள்ள சேரி மக்களின் வாழ்வை நேரில் ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். வயலில் உழைப்பவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை. குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை. ஒருமுறை வாங்கிய கடன் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து அவர்களை அடிமைப்படுத்தியது. தரிசு நிலம் வேண்டும் என்று ஓர் ஏழை மனுக் கொடுத்தால், மிராசுதாரருக்கே முதல் உரிமை என்று சொல்லி அம்மனு தள்ளப்பட்டது. இவற்றையெல்லாம் அந்த அறிக்கை எடுத்துக் காட்டியது. அதன் பயனாக 1892இல் அரசு ஆணை ஒன்று பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் திட்டம் அந்த ஆணையோடு தொடங்கியது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் கேள்விப்படுவது அதுவே.

அரசு அதிகாரி எழுதினார். கிறிஸ்தவ மறைப்பணியாளர்களும் எழுதினார்கள். ஆனால் எல்லாம் இந்த மக்களைப் பற்றிப் பிறர் எழுதியவை. தங்களைப் பற்றித் தாங்களே எழுதும் நாள் வரவேண்டாமா? சூரியோதயம், திராவிட பாண்டியன் போன்ற இதழ்கள் அதற்கு முன்பே ஒடுக்கப்பட்டோரின் குரலாய் ஒலித்ததுண்டு. அந்த வரிசையில் யாரும் எதிர்பாராத ஒரு பெயருடன் ஓர் இதழைக் கொண்டுவந்தார் சீனிவாசன்.

பெயரே புரட்சி

1893ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்த இதழ் வெளிவந்தது. சிறிய அளவில் நான்கு பக்கங்கள், விலை இரண்டணா. பெயர், பறையன்!

இந்தப் பெயரை அக்காலத்தில் ஏச்சாகவே வழங்கினார்கள். உலக மொழிகளில்கூட இச்சொல் புறக்கணிக்கப்பட்டவன் என்ற பொருளில் புகுந்துவிட்டது. இப்படி இழிவாக்கப்பட்ட ஒரு சொல்லை எவரேனும் தம் இதழின் முகப்பில் பொறிப்பார்களா? கோயம்புத்தூரில் மணியடிக்கும் வரை வெளியே ஒதுங்கியிருந்த அதே சீனிவாசன்தான் அதைப் பொறித்தார்.

அவருடைய எண்ணம் தெளிவானது. தன் பெயரைச் சொல்ல நாணுகிறவன் தன் உரிமையைக் கேட்க முடியாது. வேறு பெயருக்குள் மறைந்துகொண்டு முன்னேறும் ஒருவன் தனியாளாக முன்னேறலாம். அவன் சார்ந்த மக்கள் முன்னேறமாட்டார்கள். ஆகவே ஒளியாமல் முன்வந்து, நாங்கள் இன்னார், எங்களுக்கும் இந்த மண்ணில் உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும். இந்தக் கருத்தையே அவர் இதழின் பெயராக்கினார். இம்மக்கள் வந்தேறிகளல்லர், இந்நாட்டின் பூர்வ குடிகள் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் ஊன்றியிருந்தது.

இரண்டே நாளில் நானூறு

சென்னையில் வாழ்ந்த அந்த மக்கள் இதழைக் கண்டு வியந்தார்கள்; மகிழ்ந்தார்கள். தங்கள் பெயரைத் தாங்கிய ஒரு தாளை அச்சில் பார்ப்பதே அவர்களுக்குப் புதுமை. இரண்டே நாளில் 400 படிகள் விற்றுத் தீர்ந்தன!

400 என்பது இன்றைக்கு நமக்குச் சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால்தான் அதன் பெருமை விளங்கும். பதினாறு அணா கொண்டது ஒரு ரூபாய். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்க்கும், துரைமார் வீடுகளில் சமையல் செய்தவர்க்கும், குதிரை பார்த்தவர்க்கும் இரண்டணா என்பது எளிதாகக் கொடுத்துவிடும் தொகையன்று. மேலும் அவர்களில் பெரும்பாலோர்க்கு எழுத்து வாசனை கிடையாது. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் சுற்றியிருந்து கேட்பது அந்நாளைய வழக்கம். ஒரு தாளை வாங்குபவர் ஒருவர் என்றாலும், அதைக் கேட்கும் செவிகள் பல.

மூன்று மாதம் கழிந்ததும் மாத இதழ் வார இதழாக மாறியது. இரண்டாண்டுகளில் இதழுக்கென்று சொந்த அச்சுக்கூடமே அமைந்துவிட்டது. வாசகர் ஆதரவின்றி இவை நடந்திருக்குமா?

இதழில் வந்தவை வெறும் பொழுதுபோக்குச் செய்திகள் அல்ல. கல்வி வேண்டும், நிலம் வேண்டும், அரசு வேலையில் இடம் வேண்டும், கிராமங்களில் நடக்கும் கொடுமைகள் நிற்க வேண்டும் என்ற கோரிக்கைகளே அதன் உயிர். இவ்விதழை அரசும் கூர்ந்து கவனித்தது. அக்காலத்தில் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் வந்த இதழ்களையெல்லாம் அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் படித்து, சாரத்தை ஆங்கிலத்தில் சுருக்கி மேலதிகாரிகளுக்கு அனுப்புவார்கள். அந்தச் சுருக்கங்களில் பறையன் இதழின் கருத்துகளும் இடம் பெற்றன. சேரியில் எழுந்த குரல் கோட்டைக்குள் கேட்டது!

இதில் ஒரு வியப்பும் உண்டு. அந்த இதழின் பழைய தாள்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. இன்று அதைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு உதவுபவை, சீனிவாசன் பின்னாளில் எழுதிய சொந்த வரலாறும், கண்காணிப்பதற்காகவே படித்த அரசாங்கத்தார் எழுதி வைத்த அந்தச் சுருக்கங்களுமே.

உறவினரின் மறுப்பு

எல்லோரும் இதழைப் பாராட்டினார்களா? இல்லை. எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை, உறவுக்குள்ளிருந்தும் வந்தது.

பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) பெரும் தமிழறிஞர், சித்த மருத்துவர். சீனிவாசனின் சகோதரியை மணந்தவர். ஆகவே இருவரும் மைத்துனர்கள். இருவருக்கும் மக்கள் முன்னேற்றமே குறிக்கோள். ஆனால் பெயர் பற்றி மட்டும் இருவர் கருத்தும் இருவேறு திசையில் சென்றன. பகைவர் சூட்டிய இழிபெயரை நாமே ஏன் சுமக்க வேண்டும் என்பது பண்டிதரின் வாதம். இம்மக்கள் ஆதித் தமிழர், சாதி பேதமற்ற பூர்வ தமிழர். அப்படியே அவர்களைக் குறிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். சூட்டியவன் யாராயினும், ஒளிந்துகொள்ளாமல் அதை ஏற்று நிமிர்ந்தால்தான் இழிவு தீரும் என்பது சீனிவாசனின் வாதம்.

பின்னர் 1907இல் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அந்தப் பெயரிலும் வாசகர்கள் தலையிட்டார்கள் என்பது சுவையான செய்தி. வாசகர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அடுத்த ஆண்டே ‘ஒரு பைசா’ நீங்கி இதழின் பெயர் ‘தமிழன்’ என்றாயிற்று. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் உழைத்த தமிழர்கள் அவ்விதழுக்குப் பெருந்துணையாக நின்றார்கள்.

மைத்துனர் இருவரில் யார் சொன்னது சரி? இன்றும் அறிஞர்கள் இதனை விவாதிக்கிறார்கள். 1922இல் எம். சி. ராஜா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில், ஆதி திராவிடர் என்ற பெயரை அரசு ஏற்றுக்கொண்டது. இந்நாட்டின் முதற்குடிகள் என்பதே அதன் பொருள். தங்களை என்ன பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்யும் உரிமைக்காகத்தான் இத்தனை வாதமும் நடந்தது. அந்த உரிமை தமக்கில்லை என்று மைத்துனர் இருவருள் ஒருவரும் ஒருபோதும் ஒப்பவில்லை.

கையொப்பமிட்ட வாசகர்கள்

படித்துவிட்டு மடித்து வைப்பதோடு அந்த வாசகர்கள் நின்றுவிடவில்லை. இதழ் தொடங்கிய மூன்றாம் மாதமே அதற்குச் சான்று கிடைத்தது.

அந்நாளில் சிவில் சர்வீஸ் என்னும் உயர் பதவிக்குரிய தேர்வு இங்கிலாந்தில் மட்டுமே நடந்தது. இந்தியாவிலும் அதே சமயத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. இந்தியர்கள் உயர் பதவிக்கு வரவேண்டும் என்பது அவர்களுடைய நியாயமான எண்ணம். ஆனால் சீனிவாசன் வேறு விதமாகக் கவலைப்பட்டார். ஊரில் கிணற்றைத் தொட விடாதவர்களே நாளை அதிகாரிகளாகவும் வந்து அமர்ந்தால், ஏழையின் மனுவை வாங்குவார் யார்? முதலில் எல்லோருக்கும் கல்வி வரட்டும் என்பது அவர் கட்சி.

1893 டிசம்பர் 23ஆம் நாள் சென்னையில் வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் பெருங்கூட்டம் கூடியது. மனு ஒன்று எழுதப்பட்டது. அதில் 3,412 பேர் கையொப்பமிட்டார்கள். தாள்களை ஒட்டி ஒட்டி நீட்டியதில் மனுவின் நீளம் 112 அடி ஆயிற்று! பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் சமர்ப்பிப்பதற்காக அது உறுப்பினர் ஜெனரல் செஸ்னிக்கு அனுப்பப்பட்டது.

அரசாங்கமும் அத்தேர்வு மாற்றத்தை விரும்பவில்லை. 1922இல்தான் இந்தியாவில் அத்தேர்வு நடக்கத் தொடங்கியது. ஆகவே மனுவினால் மட்டுமே அது நின்றது என்று சொல்லிவிட முடியாது. மனுவின் கோரிக்கையை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் பள்ளி வாசலையே காணாத பரம்பரையில் வந்தவர்கள், பாராளுமன்றத்துக்குத் தங்கள் பெயரை எழுதி அனுப்பினார்கள் என்பதை எவரும் மறுக்க முடியாது.

எழுத்துக்குத் தண்டனையும் வந்தது. இதழில் வெளியான வாசகர் கடிதம் ஒன்றைக் காரணமாகக் கொண்டு 1896இல் வழக்குத் தொடரப்பட்டது. கடிதத்தை வெளியிட்ட ஆசிரியர் என்ற முறையில் சீனிவாசன் நீதிமன்றம் ஏறினார். 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்நாளில் அது பெருந்தொகை. எளிய மக்கள் எழுதியனுப்பும் கடிதத்தை அச்சிடுவதில் இவ்வளவு ஆபத்து இருந்தது. இருந்தும் இதழ் நிற்கவில்லை; 1900 வரை நடந்தது.

கடல் கடந்த வாழ்வு

1900இல் இங்கிலாந்து சென்று தம் மக்களின் குறைகளை நேரில் எடுத்துரைக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் சீனிவாசன் கப்பலேறினார். ஆனால் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் நாட்டு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தார்.

1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றிருந்தார்கள். ஆங்கிலம் அறியாத அவர்கள் நீதிமன்றத்தில் நிற்கும்போது, அவர்கள் சொல்வதைப் பிழையில்லாமல் நீதிபதிக்கு எடுத்துச் சொல்வது எத்தகைய பொறுப்பான வேலை! காந்தியடிகளும் அப்போது அந்நாட்டில் வழக்கறிஞராக இருந்தார். தமிழில் தம் பெயரைக் கையொப்பமிட அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் சீனிவாசன் என்பர்.

1921இல் தாயகம் திரும்பினார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஓய்வு கொள்ள வேண்டிய வயதில் அவருடைய இரண்டாவது பொதுவாழ்வு தொடங்கியது.

சட்டசபையிலும் வட்டமேசையிலும்

1923இல் சென்னைச் சட்டசபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு, 1924இல், வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எல்லோரையும் போல ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. தெருவில் நடக்கவும் தண்ணீர் குடிக்கவும் ஒரு தீர்மானம் தேவைப்பட்டதே என்று இன்று நமக்கு நெஞ்சு குறுகுறுக்கிறது. ஏட்டில் எழுதிய அந்த உரிமை நாட்டில் நடைமுறைக்கு வர இன்னும் நெடுங்காலம் ஆயிற்று என்பதையும் நாம் மறக்கலாகாது.

1930, 1931ஆம் ஆண்டுகளில் லண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளுக்கு டாக்டர் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாகச் சென்றார். இளமையில் எட்ட முடியாத லண்டனை முதுமையில் எட்டினார். அங்கே ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோது நடந்ததைத் தம் நூலில் அவர் எழுதியிருக்கிறார். தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் வினவினாராம். தாழ்ந்தவன் எனப்படுபவன் தெருவில் விழுந்து கிடந்தாலும் உயர்ந்தவன் எனப்படுபவன் கைகொடுத்துத் தூக்கிவிட மாட்டான் என்று இவர் விளக்கினாராம். அதைக் கேட்டு மன்னர் திடுக்கிட்டாராம். பெரிய சொற்கள் எதுவும் இல்லாமல், கண்ணால் காணும் ஒரு காட்சியைச் சொல்லி விளங்க வைத்த அந்தத் திறமை, இதழாசிரியராக இருந்து பழகிய திறமையல்லவா?

1932 செப்டம்பரில் காந்தியடிகளின் உண்ணாவிரதத்தை அடுத்து ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். 1926இல் ராவ் சாகிப், 1930இல் ராவ் பகதூர், 1936இல் திவான் பகதூர் எனப் பட்டங்கள் அடுத்தடுத்து அவரை வந்தடைந்தன.

தன் கதையைத் தானே எழுதினார்

1939இல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் சிறு நூலை வெளியிட்டார். ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்து ஒருவர் தம் வரலாற்றைத் தாமே எழுதிய தமிழ் நூல்களுள் மிகப் பழமையானது இதுவென அறிஞர் கூறுவர். பெயருக்கேற்பச் சுருக்கமானது, தற்பெருமை மிகாதது. பள்ளி மணிக்காகக் காத்திருந்ததும், நானூறு படிகள் விற்றதும், மன்னரைக் கண்டதும் ஒரே நிதானமான நடையில் அதில் எழுதப்பட்டுள்ளன.

1945 செப்டம்பர் 18ஆம் நாள் சீனிவாசன் இயற்கை எய்தினார். அவர் மறைந்த பின் நெடுங்காலம் அவர் பெயர் பள்ளிப் பாடங்களில் அதிகம் இடம்பெறவில்லை. ஆனால் நூல் சாகவில்லை. பிற்காலத்தில் அது மறுபதிப்புகளாக வந்தது. இளைய தலைமுறையினர் தேடிப் படித்தனர். ஆராய்ச்சியாளர்கள் அதைக் கொண்டே அக்கால வரலாற்றை மீண்டும் எழுதினர். 2000இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு நினைவு மண்டபம் உள்ளது. ஓர் இதழை முதலில் வாங்கிய நானூறு பேர் ஒரு நூற்றாண்டு கழித்து எத்தனை ஆயிரமாகப் பெருகிவிட்டார்கள் பாருங்கள்!

நமக்கு அவர் விட்டுச்சென்ற பாடம்

அன்பு மாணவியரே! பெரியோர் வரலாற்றைப் படித்துப் பரீட்சையில் எழுதுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

சீனிவாசனோடு கோயம்புத்தூரில் படித்த மாணவர்கள் கெட்டவர்கள் என்று நாம் எண்ண வேண்டியதில்லை. அவர்களுள் ஒருவராவது, ஏன் எப்போதும் வெளியிலேயே இருக்கிறாய், உள்ளே வந்து என் பக்கத்தில் அமர்ந்துகொள் என்று அழைத்திருந்தால், அந்தச் சிறுவனின் பள்ளி நாட்கள் எப்படி மாறியிருக்கும்! யாருக்கும் அது தோன்றவில்லை. அவர் ஒதுங்கி நின்றதைக் கண்டவர்களும் காரணம் கேட்கவில்லை.

இன்று நம் வகுப்பிலும் இடைவேளையில் தனித்திருக்கும் தோழி இருக்கலாம். வீடு எங்கே என்று கேட்டால் தெருப்பெயரைச் சொல்லாமல் பேச்சை மாற்றும் தோழி இருக்கலாம். அவள் ஏன் அப்படி இருக்கிறாள் என்பதை நாம் உணர வேண்டும். துருவித் துருவிக் கேட்பது அன்பாகாது. அவள் தானாகச் சொல்லும் நாள் வரும்போது, முகம் சுளிக்காமல் கேட்பதே அன்பு.

நம்மைச் சுற்றியே இம்மண்ணின் பழங்குடிகளான இருளர் வாழ்கின்றனர். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். விஷமுறிவு மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தந்து, எத்தனையோ உயிர்களைக் காக்க உதவுகிறவர்கள் அவர்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் அவர்கள் குடும்பம் குடும்பமாகக் கூடுவதையும் பார்த்திருப்போம். அவர்களுக்கென்று கதைகள் உண்டு, பாட்டுகள் உண்டு, காட்டையும் மூலிகையையும் பற்றிய அறிவு உண்டு. அவர்களைப் பற்றிப் பிறர் எழுதியவை பல. அவர்களே எழுதியவை இன்னும் சிலவே. அந்த வீடுகளிலிருந்து ஒரு பெண் பேனா எடுக்கும்போது, அவள் எழுத்தை வாங்கிப் படிக்கவும், படித்ததை நாலு பேருக்குச் சொல்லவும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டாமா?

எல்லோராலும் சீனிவாசனைப் போல இதழ் நடத்த இயலாது. ஆனால் இரண்டணாக் கொடுத்து அந்த முதல் தாளை வாங்கினார்களே, பெயர் தெரியாத அந்த நானூறு பேர், அவர்களைப் போல் இருக்க எல்லோராலும் இயலும். அவர்கள் இல்லாவிட்டால் இரண்டாம் இதழ் வந்திராது. வார இதழ் ஆகியிராது. 112 அடி நீள மனுவும் எழுந்திராது.

எழுதுகிறவரை மதிப்போம். எளியவர் எழுதும்போது இன்னும் கூர்ந்து படிப்போம். நம் பள்ளியில் எந்தப் பெண்ணும் மணியடிக்கும் வரை வெளியே காத்திருக்க வேண்டாத நிலையைப் படைப்போம். அதுவே செங்கை மண்ணில் பிறந்த அந்தச் செம்மலுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.

வாழ்க அவர் புகழ்!